பொட்டலம் கொடுக்கவா படித்தாய்?

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படிக்கிறேன் என்று சொன்னதும் உறவுக்காரர் வாயில் வரும் கேள்வி உனக்கு மனப்பாடம். "ஊருக்கு உழைக்க எதுக்குப் படிப்பு? நல்ல மனசு போதாதா?" தம்பி, தங்கையே, அந்தக் கேள்விக்குத் தலைகுனியாதே! மனசு மட்டும் போதாது என்பதற்குக் கள்ளக்குறிச்சியை விடப் பெரிய சாட்சி வேண்டுமா?

2024 ஜூன் மாதம். மெத்தனால் கலந்த சாராயம் 65க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் அன்றாடம் கூலிக்குப் போனவர்கள் அடுத்தடுத்துச் சுருண்டு விழுந்தார்கள். தலைவர்கள் வந்தார்கள், கேமராக்கள் வந்தன, எல்லாம் திரும்பியும் போயின. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய், தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. நல்லது. பணம் கைக்கு வந்த மறுநாள்தான் உன் வேலை தொடங்குகிறது.

அந்தப் பிள்ளை இப்போது யார் வீட்டில் வளர்கிறது? அதன் வங்கிப் புத்தகம் யார் கையில் இருக்கிறது? பள்ளிக்குப் போகிறதா? ராத்திரி தூங்குகிறதா? கணவனைப் பறிகொடுத்தவள் வாய்விட்டு அழ ஒரு மடி உண்டா? பிழைத்து வந்தவன் மறுபடியும் சாராயத்தைத் தேடிப் போகாதபடி வாரம் தவறாமல் அவன் வாசலை மிதிப்பது யார்? இத்தனைக்கும் விடை தேட இரக்கம் வேண்டும். இரக்கத்தோடு பயிற்சியும் வேண்டும். எப்படிக் கேட்பது, எதை எழுதி வைப்பது, குழந்தைகள் நலக் குழுவிடம் எப்போது போவது, குழந்தைகள் உதவி எண் 1098க்கு எப்போது அழைப்பது, எந்த ரகசியத்தை உயிர் போனாலும் காப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்கத்தான் 1936இல் மும்பையில் டாட்டா பெயரில் ஒரு கல்லூரி எழுந்தது. 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் சமூகப் பணிக் கல்லூரியைத் தொடங்கினார். தொண்டிலேயே ஊறிய அந்த அம்மையாரே இதற்கொரு கல்லூரி வேண்டும் என்று நினைத்தார் என்றால், உன் படிப்பை வேண்டாத படிப்பு என்று சொல்ல யாருக்குத் தகுதி இருக்கிறது?

இனி மலை ஏறு! அதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலைக்குப் போ. நாடு விடுதலை பெற்ற பிறகும் 1976 வரை ஜாகீர்தார்கள் என்னும் நிலக்கிழார்களின் பிடியில் இருந்த மலை அது. அங்குள்ள மக்களுக்கு வாக்குரிமையே 1996இல்தான் கிடைத்தது என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் கேள்வி கேட்க விடாமல் வைத்திருந்தவர்களிடம் போய் "ஏன் கேட்கவில்லை?" என்று நீ உபதேசம் செய்யாதே. சாமையும் மரவள்ளியும் விளைவித்து, கடுக்காய் பொறுக்கி, பாறையோடு மல்லுக்கட்டி வாழ்பவர்கள் அவர்கள். உன் பரிதாபம் அவர்களுக்கு எதற்கு? உன் அறிவைக் கொண்டு போ!

2006இன் வன உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வன நிலத்தில் உழுது பிழைக்கும் பழங்குடிக் குடும்பம் 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். அந்தக் கோரிக்கையை முதலில் கையில் எடுக்க வேண்டியது கிராம சபை. ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதிச் சேர்த்தால் அதுவும் ஒரு சான்று. பாட்டன் காலத்துப் பட்டா இல்லையே என்று கலங்கி நிற்பவரிடம் இந்த ஒரு வரியைச் சொல்லிப் பார். வளைந்த முதுகு நிமிரும்!

உன் தொழிலின் நோக்கம் இதுதான். உதவி தேடி வந்தவளுக்காக முதல் முறை மனுவை நீ எழுது. அடுத்த முறை அவள் எழுதட்டும், நீ பக்கத்தில் உட்கார். மூன்றாம் முறை திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் அவளே ஆட்சியரிடம் பேசி, மனு ரசீதை வாங்கிக்கொண்டு வரட்டும். உன்னைத் தேடி வருகிறவர்கள் குறையக் குறைய நீ ஜெயிக்கிறாய். காலமெல்லாம் உன் கையையே எதிர்பார்த்து நிற்கும்படி ஒருவரை வைத்திருந்தால், நீயும் ஒரு ஜாகீர்தார்தான்!

முள் இல்லாத பாதை என்று பொய் சொல்ல மாட்டேன். சாராய ஊறல் போடுகிறவன் முறைப்பான். அலுவலகங்கள் இன்று போய் நாளை வா என்னும். வேலை ஒப்பந்தத்தில், சம்பளமோ சொற்பம். அதற்காகச் சோர்ந்து போவாயா? அடுத்தவர் கூலிக்காக வாதாடுகிறவன் தன் கூலியைக் கேட்கக் கூசலாமா? மருத்துவ, மனநல சமூகப் பணியாளர்களை 2021ஆம் ஆண்டுச் சட்டம் சுகாதாரத் தொழில் வல்லுநர்களின் வரிசையில் ஏற்றிவிட்டது. மற்ற சமூகப் பணியாளர்களுக்கும் அந்த இடம் வேண்டும் என்று சேர்ந்து குரல் கொடு. தியாகி என்று பட்டம் கட்டி உன் வயிற்றைக் காயப்போட யாரையும் விடாதே!

வரும் கிராம சபைக்குப் போ. கடைசி வரிசையில் வாய் திறக்காமல் நிற்கும் பெண்ணைத் தேடிப் பிடி. அவள் கேட்க நினைப்பதைக் கேட்க வை. தீர்மானப் புத்தகத்தில் அது ஏறும்வரை இடத்தை விட்டு எழுந்திருக்காதே!