பாலிக் ஆனால் போதுமா?

கண்ணாடியைக் கழற்றிவிட லேசர் சிகிச்சை செய்யலாமா என்று கேட்டால், அது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா என்ற அச்சம் முதலில் எழுவது இயல்பு. மதராஸில் பிறந்த ரங்கசாமி சீனிவாசனும் கூட்டாளிகளும் இந்தச் சிகிச்சைக்குப் பயன்படும் எக்சைமர் லேசர் உயிர்த்திசுவைச் சூடேற்றாமல் செதுக்கும் என்று ஐபிஎம் ஆய்வுகூடத்தில் கண்டது 1981இல்தான். ஆகவே பழைய கிதாபுகளில் இதற்கு நேரடித் தீர்ப்பைத் தேட முடியாது. ஆனால் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்கு, வெள்ளி மூக்கு நாற்றமெடுத்தபோது, பொன் மூக்கு வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். ஆணுக்குப் பொன் விலக்கப்பட்டிருந்தும் குறையைச் சீர்செய்ய வழிவிட்ட மார்க்கம், மங்கிய பார்வையைத் திருத்துவதைத் தடுக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எந்த வயதில் செய்வது என்பதே எனக்குக் கடினமான கேள்வி.

கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், பருவத்தின் அடையாளங்கள் தெரிந்தாலோ பிறை வருடம் 15 நிறைந்தாலோ பிள்ளை பாலிக், அதாவது பருவமடைந்தவர். தொழுகையும் நோன்பும் கடமையாகிவிட்டவனுக்குத் தன் கண்ணைப் பற்றித் தீர்மானிக்க உரிமை இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சூறா நிஸாவின் 6ஆம் வசனம் அநாதையின் சொத்தைக் கையளிக்கப் பருவத்தை மட்டும் போதுமாக்கவில்லை. பகுத்தறியும் பக்குவத்தையும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறது. சொத்துக்கே இப்படியென்றால், திரும்பக் கிடைக்காத உறுப்புக்கு எவ்வளவு கவனம் வேண்டும்! தவறிய நோன்பைப் பிறகு நோற்றுக் களாச் செய்யலாம். கருவிழியின் முன்படலமோ ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்புதான். லேசர் செதுக்கியது மீண்டும் வளராது. பதின்ம வயதில் கிட்டப்பார்வை இன்னும் கூடிக்கொண்டிருக்கும். அப்போது செய்தால் கண்ணாடி திரும்பி வரும், படலமோ மெலிந்தே இருக்கும். படலம் கூம்பிப் பிதுங்கும் நோய் பெரும்பாலும் தலைகாட்டுவதும் இந்தப் பருவத்தில்தான். அதை அறியாமல் செதுக்கினால் பார்வையே கெடலாம். அதனால்தான் வைத்தியர்கள் பொதுவாக 18 வயதுக்குக் குறையாமல், ஒரு வருடமாவது பவர் அரை டயோப்டருக்கு மேல் மாறாமல் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

வாப்பாவும் உம்மாவும் சம்மதித்தால்? வலியின், அதாவது பொறுப்பாளரின், அதிகாரம் பிள்ளையின் நலனுக்குக் கட்டுப்பட்டது. பிள்ளையின் சொத்தையே அவர் தானமாகக் கொடுத்துவிட முடியாது. கலியாணம் பேசுவதற்காகப் பெண்பிள்ளையின் கண்ணாடியை அவசரமாகக் கழற்றுவது அந்த நலனில் அடங்காது. வளர்ந்தவருக்கும் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: 40 தாண்டினால் வாசிக்கக் கண்ணாடி தேவைப்படலாம், லேசர் செய்த கண்ணுக்கும்தான். வைத்தியம் அறியாமல் வைத்தியம் பார்ப்பவரே பாதிப்புக்குப் பொறுப்பு என்பது நபிமொழி. படலத்தின் தடிப்பையும் வடிவத்தையும் அளக்காமல் நாள் குறிப்பவரையும் அந்தப் பொறுப்பு தொடும் என்றே நான் கருதுகிறேன்.