விதிவிலக்குப் பக்கம்

புத்தளம் நகரை ஒட்டிய தில்லையடியில், இழப்பு என்றால் என்ன என்று ஒரு காப்புறுதி முகவர் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்தவருக்கு ஒக்டோபர் 30 அன்று கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். வீடு, கடை, நகை எல்லாம் போயின. அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தங்கினார்கள். தில்லையடி அவர்களில் பலருக்கு ஊரானது.

இங்கே வீட்டுக் காப்புறுதி விற்க வருபவரிடம் ஒரு மூதாட்டி இப்படிக் கேட்டால் வியப்பில்லை: "தம்பி, அண்டைக்கு எங்கட்ட இந்தப் பத்திரம் இருந்திருந்தா காசு வந்திருக்குமா?"

வந்திருக்காது. போர், கிளர்ச்சி, உள்நாட்டுக் கலகம் ஆகியவற்றால் வரும் நட்டத்தைச் சாதாரணச் சொத்துக் காப்புறுதி ஏற்பதில்லை. பத்திரத்தின் பின்பக்கங்களில் பொடி எழுத்தில் அது இருக்கும். ஒரே நாளில் ஓர் ஊரே இழந்தால் எந்த நிறுவனத்தாலும் கொடுத்து மாளாது என்பது கணக்கு. கணக்கில் பிழை சொல்ல முடியாது. ஆனால் அதை அந்த மூதாட்டியின் திண்ணையில் உட்கார்ந்து சொல்ல வேண்டியவர் கணக்குப் போட்டவர் அல்ல.

பெரிய காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்வதன் சாரம் இதுதான். வாக்குக் கொடுப்பவர் ஒருவர், அபாயத்தை எடைபோடுபவர் இன்னொருவர், நட்டத்தைப் பார்க்க வருபவர் மூன்றாமவர். 'இல்லை' என்று கடிதம் எழுதுபவர் கொழும்பில் ஏதோ ஒரு மாடியில் இருப்பார். அவரும் கொடியவர் அல்ல. கோப்பில் இருப்பதை நிபந்தனையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார், மாலையில் பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறார். முகவர் மட்டும் அதே ஊரில், அதே பள்ளிவாசலில், அதே மீன் கடையில் அந்தக் குடும்பத்தின் முகத்தில் விழிக்க வேண்டும்.

முதலாளி யார் என்பதுகூட அந்த அலுவலக மேசைகளை அதிகம் அசைப்பதில்லை. இலங்கையில் 1962இல் ஆயுள் காப்புறுதியும் 1964இல் பொதுக் காப்புறுதியும் அரசுக் கூட்டுத்தாபனத்தின் ஏகபோகமாயின. 1988இல் தனியாருக்குக் கதவு திறந்தது. 2003இல் அந்தக் கூட்டுத்தாபனமே தனியார் கைக்குப் போனது. 2009இல் உயர் நீதிமன்றம் விற்பனையை ரத்துச் செய்து அரசிடம் திருப்பியது. இவ்வளவு நடந்தும் மாத இலக்கு மாத இலக்குதான்.

அந்த இலக்குதான் சிக்கல். ஆயுள் காப்புறுதியில் முதல் ஆண்டுத் தரகே கொழுத்தது. பிறகு அது மெலிந்துகொண்டே போகும். ஆகவே புதிய கையெழுத்து பெரிதாகத் தெரியும், பழைய வாடிக்கையாளர் சிறியவராகத் தெரிவார். இந்தப் பக்கத்து உப்பளத்தில் மழைக்காலத்தில் கூலி கிடைக்காது. களப்பு மீனவருக்கு நாளுக்கு நாள் வரவு வேறு. மாதம் தவறாமல் கட்டுப்பணம் கட்டச் சொல்லும் பத்திரம் அந்தக் கைகளில் எளிதில் காலாவதியாகும். அது தெரிந்தும் விற்பதா? இதற்கு நிறுவனத்தின் பயிற்சி வகுப்பில் விடை கிடைக்காது.

வட்டியும் சூதும் கலந்தது என்று காப்புறுதியையே ஒதுக்கிய முஸ்லிம்களுக்காக 1999இல் அமானா தகாஃபுல் என்ற நிறுவனம் வந்தது. பங்காளர்கள் பொது நிதிக்கு நன்கொடையாகப் பணம் போட்டு ஒருவரையொருவர் தாங்குவது அதன் அடிப்படை. கிராமத்து மரண உதவிச் சங்கங்கள் காலங்காலமாகச் செய்வதும் ஏறத்தாழ இதுவே. ஒரு வித்தியாசம்: சங்கத்தில் மறுப்பவரும் மறுக்கப்படுபவரும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்தும் மறுபக்கத்து மனிதரைப் பார்த்தவர் உண்டு. பிராக் நகரில் ஒரு சட்டப் பட்டதாரி 1907இல் அசிகுராசியோனி ஜெனராலி என்ற பெரிய நிறுவனத்தில் சேர்ந்து, நேர நெருக்கடி தாங்காமல் ஓராண்டுக்குள் விலகினார். அடுத்து தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிலையத்தில் 1908 முதல் 1922 வரை. அவர் ஃபிரான்ஸ் காஃப்கா. அலுவலகத்தைப் பற்றி அவர் புலம்பியது பிரசித்தம். மரம் இழைக்கும் இயந்திரத்தின் சதுரத் தண்டு விரல்களை எப்படித் துண்டிக்கிறது, உருளைத் தண்டு எப்படிக் காக்கும் என்று படங்களோடு அவர் எழுதிய அறிக்கை அவ்வளவு பிரசித்தமல்ல. கோப்பிலிருந்த விரலை விரலாகவே பார்த்தவர் எழுதக்கூடிய அறிக்கை அது.

தில்லையடி முகவரிடம் அப்படித் திருத்தக்கூடிய இயந்திரம் எதுவும் இல்லை. அவரால் முடிவது, கையெழுத்துக்கு முன் பின்பக்கத்தைத் திருப்பி, எதற்கெல்லாம் பணம் வராது என்று வாசித்துக் காட்டுவது. வாசித்தால் சிலர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். மாத முடிவில் கிளை முகாமையாளர் கேட்கும் எண்ணிக்கையில் அந்தச் சிலர் சேர மாட்டார்கள்.