நாளையை வரைவது யார்?

"நாளை நடப்பதை யார் அறிவார்? தலையில் எழுதியபடி நடக்கும்!" என்று கூறித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடப்போர் நம் நாட்டில் ஏராளம். மகளுக்கு மணம் பேசும் நாளில் சோதிடர் வீட்டுத் திண்ணையில் காத்துக் கிடப்பவரும் அவரே. நாளையை அறிய முடியாது என்பதும் அவர். அதை அறியக் காணிக்கை தருவதும் அவர்!

சோதிடன் நாளையைச் சொல்கிறான். கதை எழுதுவோனும் நாளையைச் சொல்கிறான். வேற்றுமை என்ன? "இப்படித்தான் நடக்கும், அடங்கிக் கிட" என்கிறான் முன்னவன். "இப்படியும் நடக்கலாம், உனக்குச் சம்மதமா?" என்று கேட்கிறான் பின்னவன். அது விதி, இது வினா. வினா எழும் இடத்தில்தான் அறம் பிறக்கிறது.

1905-இல் வங்கத்து ரொக்கையா சகாவத் உசேன், சென்னையிலிருந்து வெளிவந்த ஆங்கில மகளிர் இதழில் 'சுல்தானாவின் கனவு' என்னும் கதையை எழுதினார். அக்கதை நாட்டில் பெண்கள் ஆள்கிறார்கள். கதிரவன் வெப்பத்தில் சமையல் நடக்கிறது. ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள்! படித்துச் சிரிக்கும் ஆண்மகன், சிரித்து முடித்ததும் தன் வீட்டு அடுக்களையை எண்ணித்தானே ஆகவேண்டும்?

நம் ஈரோட்டில் பிறந்த பெரியார், 1940-களில் 'இனிவரும் உலகம்' எழுதினார். சட்டைப் பையிலே கம்பியில்லாத் தந்திக் கருவி இருக்கும், உருவம் கண்டு உரையாடலாம், ஆண் பெண் சேர்க்கையின்றியே குழந்தை உண்டாகும் என்றார். 1978-இல் இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. இன்று கைப்பேசி இல்லாத சட்டைப்பை அரிது. "பார், அன்றே சொன்னார்!" என்று நாம் மார்தட்டுகிறோம். தோழர்களே, பலித்ததா என்று பார்ப்பது சோதிடனை அளக்கும் கோல் அல்லவா? அந்நூலின் உயிர் கருவிகளில் இல்லை. இழிவான வேலை என ஒன்று இராது, பெண்ணுக்குக் காவலும் கட்டுப்பாடும் வேண்டியிரா என்றாரே, அங்கே இருக்கிறது. கருவி வந்துவிட்டது. அந்த வாழ்வு வந்ததா?

அண்மையில் என் வகுப்பில், அரை நூற்றாண்டுக்குப் பின் நம் கோவை எப்படி இருக்கும் என்று எழுதச் சொன்னேன். பக்கம் பக்கமாகப் பறக்கும் வண்டிகள்! ஒரு மாணவி மட்டும் எழுந்து, "அந்த வண்டியையெல்லாம் கழுவுறது யாருங்க சார்?" என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தாய் விடியுமுன் துடைப்பத்தோடு தெருவுக்கு வருவதை நான் கண்டிருக்கிறேன்.

அவள் கேட்டது போன்ற கேள்வி, நொய்யல் கரையிலும் கேட்கப்பட்டிருக்க வேண்டும். சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் அணை எழுந்தது, பாசனத்துக்காக! திட்ட வரைபடமும் வருங்காலத்தைப் பற்றிய ஒரு கதைதான். அக்கதையில் பச்சை வயல் இருந்தது. மேலே திருப்பூரின் சாயப்பட்டறைகள் ஆற்றில் விட்ட கழிவு இல்லை. அணை சாயக்கழிவின் தொட்டியாயிற்று. நிலமும் கிணறும் கெட்டன. 2011-இல், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத நிலையை எட்டாத பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அப்போது கூலி இழந்தவன் யார்? பட்டறைத் தொழிலாளி! வயலை இழந்த உழவனும் சரி, வேலையை இழந்த தொழிலாளியும் சரி, அந்த நாளையை வரைந்தபோது கலந்து பேசப்பட்டவர்கள் அல்லர்.

இன்று இதே கதை வடதுருவத்தில் பெரிய அளவில் எழுதப்படுகிறது. கடற்பனி உருக உருக, கப்பல் வழி எது, எண்ணெய் எங்கே என்று அரசுகள் கோடு போடுகின்றன. நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008 முதல் 'ஹிமாத்ரி' என்னும் ஆய்வு நிலையத்தை வைத்திருக்கும் இந்தியாவும் அங்கே கண்வைத்திருக்கிறது. வரைபடத்தில் அது வெற்று வெள்ளை. ஆனால் இனுயிட், சாமி முதலிய தொல்குடிகள் உட்பட, சுமார் 40 லட்சம் மக்கள் வாழும் மண் அது! அதே ஸ்வால்பார்டில், மண் என்றும் உறைந்தே கிடக்கும் என்று நம்பி உலகின் விதைகளைக் காக்கும் பெட்டகம் ஒன்றை 2008-இல் திறந்தார்கள். 2016-இல் வெப்பமும் மழையும் கூடி அதன் நுழைவழியில் நீர் புகுந்தது. விதைகள் தப்பின, நம்பிக்கை நனைந்தது.

ஆகவேதான் எழுத்தாளரும் வடிவமைப்பாளரும், பனியற்ற ஒரு நாளின் செய்தித்தாளையும் பாடநூலையும் இன்றே படைத்துக் காட்டி, "இதுவா உமக்கு வேண்டும்?" என்று கேட்கும் முயற்சி வீண் விளையாட்டன்று. ஆனால் எழுதுகோல் யார் கையில்? கலைமான் மேய்ப்பவன் கையிலும் அது இருந்தாக வேண்டும். இல்லையேல் அதுவும் ஒரு சோதிடமே. ஏட்டுக்குப் பதில் வண்ணப்படம், அவ்வளவுதான்!

இளைஞனே, கற்பனை செய்! உன் படிப்பகத்தில், உன் தெருவில், நாளைய ஊரை வரைந்து பார். வரைந்து முடித்ததும் ஒரு கணம் நின்று, இதில் யாரைக் காணோம் என்று கேள். விடுபட்டவரை அழைத்து வந்து எழுதுகோலை அவரிடம் கொடு. என் வகுப்பில் அடுத்த கட்டுரையை முதலில் படிக்கப்போகிறவள், வண்டியைக் கழுவுவது யார் என்று கேட்ட அந்தப் பெண்தான்.