புழுக்கமும் பொறுப்பும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் சிவகிரிக்கு வெயில் புதிதன்று. ஆயினும் கோடை மழை பெய்த மறுநாள் எழும் புழுக்கம் வேறு. காற்று அசையாது, வியர்வை வழியும், உடலோ குளிராது. நாம் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் அத்தகைய நாளொன்றில், "நேற்றைவிட வெயில் குறைவுதானே" என்றெண்ணி மாணவியரை மைதானத்தில் நெடுநேரம் நிறுத்தினோம். ஒரு சிறுமி மயங்கி விழுந்தாள். நிழலும் நீரும் அவளைத் தேற்றின. தீங்கு செய்யும் எண்ணம் நமக்கில்லை. எண்ணம் தூயதாயின் பழியும் இல்லையா? இவ்வினா இன்றளவும் நம்மை விட்டகலவில்லை.

வியர்வை வழிவதால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாகும்போதுதான் வெப்பத்தைக் கொண்டு செல்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் அவ்வழி அடைபடும். ஈரக்குமிழ் வெப்பமானி இதனையே காட்டுகிறது. அதன் அளவு 35 பாகை செல்சியசை எட்டினால், நிழலில் வாளா இருக்கும் நலமுடையோரும் நெடுநேரம் தாங்கார் என்பது அறிவியலார் கணிப்பு. உழைப்போர்க்கும் முதியோர்க்கும் அபாயம் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும்.

2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படையின் சாகசக் காட்சியைக் காண இலட்சக்கணக்கானோர் கூடினர், ஐவர் உயிரிழந்தனர். அது கத்திரி வெயிற் காலமன்று. நண்பகல் வெயிலோடு கடற்கரையின் ஈரக்காற்றும் நெரிசலும் சேர்ந்திருந்தன. அம்மாதமே தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தோர் குடும்பத்திற்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணம் வகுத்தது. நன்று, ஆயின் நிவாரணம் இறப்பின் பின்னரே வருவது.

இல்லறத்தாரின் கொல்லாமை விரதத்திற்குரிய ஐந்து குற்றங்களுள் மிகுபாரம் ஏற்றுதலும், உணவு நீர் தடுத்தலும் அடங்கும். இவற்றைக் கால்நடைக்கு மட்டுமே உரியனவாகக் கொண்டுவிடுகிறோம். புழுக்கத்தில் நாற்று நடுபவளையும் செங்கல் சுமப்பவனையும் நினைப்பதில்லை. 'கூலிக்கு இசைந்துதானே வந்தான்' என்பர் சிலர். பசி தரும் இசைவு முழு இசைவாகுமா? கூலி குறையுமென்று அஞ்சுபவன் ஓய்வு கேட்கமாட்டான். ஆதலின் அவன் கேட்குமுன் அளிப்பதே வேலை வாங்குவோர் கடன். பணியைப் புலர்காலைக்கு மாற்றுவோம். கூலி குறையாத நண்பகல் ஓய்வும், நிழலும், குடிநீரும் தருவோம். பேச்சுக் குழறித் தடுமாறுவோரைக் கண்டால் நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்து விசிறி, 108-ஐ அழைப்போம்.

எண்ணத்தின் தூய்மை அறியாதார்க்கு ஒருவேளை விடையாகலாம். அறிந்தும் சோர்ந்தார்க்கு ஆகாது. ஆய்வகத்தில் ஈரக்குமிழைப் பாடமாக நடத்திய நாமே மைதானத்தில் அதனை மறந்தோம். அச்சிறுமிக்கு நாம் பட்ட கடன் அதுவே.