ஒரு வரி அபிப்பிராயம்

காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை எப்படிப் பாடினார் என்று இன்று யாரும் கேட்டுச் சொல்ல முடியாது. 1889இல் பிறந்து 1934இல் மறைந்தவர். கிராமபோன் வந்துவிட்ட காலத்திலும் இசைத்தட்டு எதுவும் கொடுக்காமலே போய்விட்டார். பிருந்தா, முக்தா, சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை ஆகியோர் வழியாக அவருடைய பாடாந்தரம் தங்கியிருக்கிறது. மற்றபடி இருப்பதெல்லாம் கேட்டவர்கள் சொல்லிவைத்த சில வரிகள்தான். லயம் என்றால் அவர். திருப்புகழைக் கடினமான தாளங்களில் பாடுவார். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று மேடை நிறைய ஃபுல் பெஞ்ச் உட்கார்ந்திருக்கும். எங்கள் காஞ்சிபுரத்திலேயே 1919இல் பிறந்த டி.கே. பட்டம்மாள், சிறுமியாக அவர் கச்சேரிகளைக் கேட்டே அவரை மானசீக குருவாகக் கொண்டார்.

ஒரு ராக் ஆல்பத்தைப் பற்றி யாராவது என் அபிப்பிராயம் கேட்கும்போதெல்லாம் நாயனாப் பிள்ளையைப் பற்றி மிஞ்சிய அந்தச் சில வரிகள் நினைவுக்கு வருகின்றன. 'செம', 'போர்', 'ஐந்துக்கு மூன்றரை' என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஆல்பமே நாளை இல்லாமல் போய், என் வாக்கியம் மட்டும் மிஞ்சினால் அதிலிருந்து யாருக்கு என்ன கேட்கும்?

சுருக்கமாகச் சொல்வதில் எனக்குக் குறை தெரியவில்லை. பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் என் சித்தப்பாவுக்கு லெட் செப்பலினின் 'வென் தி லெவீ பிரேக்ஸ்' பாட்டை ஒருமுறை போட்டுக் காட்டினேன். நாடாவைக் கையில் பிடித்தபடியே முழுதாகக் கேட்டார். "இந்த ட்ரம்ஸ் அடிக்கிற ஆளு அவசரப்படலடா. அதான் இவ்ளோ கனமா விழுது" என்றார். 1971இல் வெளிவந்த அந்தப் பாட்டைப் பற்றி நான் படித்த எதுவும் இவ்வளவு சரியாக இல்லை. ஜான் பான்ஹாம் ஒரு பழைய வீட்டின் கூடத்தில் ட்ரம்ஸை வைத்து வாசிக்க, மாடிப்படிகளுக்கு மேலிருந்து மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். ஒரு அடி விழுந்து, அது கூடத்தில் நிரம்பி அடங்க இடம் வேண்டும். வேகமாக வாசித்திருந்தால் அந்த இடம் கிடைத்திருக்காது. சித்தப்பாவுக்கு மைக் கதை தெரியாது. நாள் முழுக்க மிதியில் கால் வைத்துக் காலப்பிரமாணத்தோடு வாழ்கிறவர். காதில் விழுந்ததைச் சொன்னார்.

அதன் பிறகு எனக்கென்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். கேட்ட ஒன்றாவது என் வரியில் இருக்க வேண்டும். பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973): பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விடாமல் ஓடுவது, பிரித்துக் கேட்டால் பாதி போய்விடும். மார்ட்டின் ஸ்கார்செசி 1978இல் வெளியிட்ட 'தி லாஸ்ட் வால்ட்ஸ்', தி பேண்ட் குழுவின் விடைபெறும் கச்சேரியைப் பற்றிய படம்: கேமரா கூட்டத்தின் பக்கம் அதிகம் திரும்புவதில்லை, வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதையே பார்க்கிறது. நம் மேடையில் தனி ஆவர்த்தனம் முடியும் நேரத்தில் மிருதங்கக்காரரும் பாடகரும் பார்த்துக்கொள்வார்களே, அதே பார்வை. கச்சேரிப் படங்களில் எனக்கு இதுதான் முதலிடம். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' (1986) தியாகராஜருக்கும் மேற்கத்தியச் செவ்வியல் இசைமேதை பாக்குக்கும் (Bach) காணிக்கை. அதில் வி.எஸ். நரசிம்மனின் வயலின் இருவரில் ஒருவருக்கும் பணிந்து போகவில்லை. அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

'கிடார் சோலோவில் யார் பெரியவர்' என்ற பட்டியல்கள் எனக்கு அலுத்துவிட்டன. அவற்றில் பெயர்கள் இருக்கின்றன, சத்தம் இல்லை.

"கோயில் ஊர்க்காரனுக்கு இந்த இரைச்சல் எதுக்குப்பா?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு நான் நாயனாப் பிள்ளையின் ஃபுல் பெஞ்சைத்தான் சொல்வேன். அத்தனை தாள வாத்தியங்களை மேடையேற்றிய ஊர் இது. ட்ரம்ஸ் இங்கே அந்நியமாக ஏன் இருக்க வேண்டும்? 2018 ஜனவரியில் சென்னையில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதன்முதலாக மேடையேறி, கானாவையும் ராக்கையும் ராப்பையும் ஒன்றாகப் பாடியது. அவர்களைப் பற்றி என் வரி இது: கிடார் கானாவுக்கு அலங்காரமாக வரவில்லை, கூடவே நின்று கோபப்படுகிறது. சித்தப்பாவுக்கு இன்னும் போட்டுக் காட்டவில்லை. அவர் வேறு மாதிரி சொன்னால் என் வரியை மாற்றி எழுதத் தயார்.