உச்சவேளை விளக்கும் அடியார் உரிமையும்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து, மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வந்து நின்றால், மூச்சு தடையின்றிப் போய் வருகிறது. அல்ஹம்து லில்லாஹ்! ஆனால் அந்நேரத்தில் நம் தலைக்குமேல் எரியும் விளக்குக்காக வேறெங்கோ எவருடைய மூச்சாவது அடைபடுகிறதா என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

மலைமேல் எரியும் விளக்கும் பட்டணத்து விளக்கும் ஒரே மின்தொகுப்பிலிருந்துதான் ஒளி பெறுகின்றன. அந்தி சாய்ந்ததும் எல்லா வீடுகளும் ஒருசேர மின்சாரம் கேட்கின்றன. ஆறிக் கிடக்கும் நிலக்கரிக் கொதிகலனைச் சூடேற்றி ஓட்டப் பல மணி நேரமாகும். எண்ணெயில் ஓடும் சிறு டர்பைனையோ சில நிமிடங்களில் ஓட்டிவிடலாம். சென்னை பேசின் பிரிட்ஜில் மின்சார வாரியம் 1996-இல் அமைத்த 120 மெகாவாட் நிலையம் இவ்வகையைச் சேர்ந்தது. நாஃப்தா விலை கூடியது. ஆகவே நெருக்கடி வேளைக்கென்றே அது ஒதுக்கப்பட்டது. அது ஓடும்போது கரியமில வாயுவும், நுரையீரலை உறுத்தும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெளிவரும். சுற்றிலும் வடசென்னையின் நெருக்கமான குடியிருப்புகள்!

"கொஞ்ச நேரப் புகைதானே?" என்று சிலர் கேட்கலாம். பச்சைப் பூண்டும் வெங்காயமும் தின்றவர் பள்ளிவாசலுக்கு வருவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அந்த வாடையும் கொஞ்ச நேரத்துக்குத்தான். பிறர் சுவாசிக்கும் காற்றைக் கெடுப்பது அற்பமான காரியமன்று என்பதே நாம் பெறும் படிப்பினை.

அப்படியானால் விளக்கே ஏற்றக் கூடாதா? அப்படியன்று. ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை நடக்க வேண்டும். பிள்ளைகள் படிக்க வேண்டும். நிர்ப்பந்தத்துக்குச் சலுகை உண்டு; அதுவும் நிர்ப்பந்தத்தின் அளவுக்கே என்பது ஃபிக்ஹு வகுத்த விதி. நிக்காஹ் வீட்டின் சர விளக்குகளும், ஆளில்லாத கூடத்தில் சுழலும் மின்விசிறியும் எந்த நிர்ப்பந்தத்தில் சேரும்?

இன்னொன்றையும் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அடியாருக்கு இழைத்த தீங்கை அந்த அடியாரே மன்னிக்க வேண்டும். அண்டை வீட்டாரை நோகடித்தால் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்கலாம். நம் வீண் விளக்குக்காகப் புகையைச் சுவாசித்தவரை எங்கே தேடுவோம்? அவர் பெயரும் தெரியாது, தெருவும் தெரியாது. தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்க முடியாத குற்றத்தை, நேராமல் தடுப்பது ஒன்றே வழி.

நம் பள்ளிவாசலிலிருந்தே தொடங்குவோம். ஹவுளுக்கு நீரேற்றும் மோட்டாரைப் பகலிலேயே ஓட்டி முடிக்கலாம். ஜமாஅத் கலைந்ததும், தனித்துத் தொழுவோருக்கு ஒரு விளக்கை விட்டுவிட்டு மற்றவற்றை அணைக்கலாம். வீட்டிலும் இஸ்திரிப் பெட்டியை இரவு 10 மணிக்குப் பின்போ பகலிலோ எடுக்கலாம்.

எவருடைய மூச்சுக்கும் கடன்படாமல் தன்னைச் சந்திக்கும் பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.