வலி வரும்வரை காத்திருப்பது வீரமல்ல!

“எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்!” என்று மார்தட்டுகிறீர்களா? நல்லது. அப்படியென்றால் பரிசோதனைக்குப் போகவேண்டிய முதல் ஆள் நீங்கள்தான்!

ஆம், புற்றுநோய்ப் பரிசோதனை படுத்துவிட்டவர்களுக்கானது அல்ல. ஓடியாடி வேலை பார்க்கிறவர்களுக்கானது. பயிர் முழுதும் கருகட்டும், பிறகு வயலுக்குப் போகலாம் என்று எந்த விவசாயியாவது வீட்டில் படுத்திருப்பாரா? பச்சைப் பசேலென்று இருக்கும்போதே வரப்பில் நடந்து இலையைப் புரட்டிப் பார்க்கிறார் அல்லவா? உங்கள் உடம்பையும் அப்படிப் பார்க்க வேண்டாமா?

நமக்குத் துணிச்சல் இல்லாமல் இல்லை. நகையை அடகு வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறோம். மழையையும் கடனையும் மாறிமாறிச் சமாளிக்கிறோம். இத்தனைக்கும் அஞ்சாத நாம், ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஓர் அறைக்குள் சில நிமிடம் போய்வர நடுங்குகிறோம். “போனால் ஏதாவது சொல்லிவிடுவார்களோ!” இந்த ஒரு பயம் எத்தனை குடும்பங்களைச் சாய்த்திருக்கிறது!

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு என்ன சொல்கிறது தெரியுமா? 30 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஒருமுறையாவது பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 2 பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் 10 பேருக்குச் சற்றே குறைவு. நாட்டின் சராசரியைவிட மேல் என்று இதற்குப் பெருமைப்படுவதா? மீதி 90 பேர் எங்கே? அதில் உங்கள் வீட்டில் எத்தனை பேர்?

இந்த நோயால் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 ஆயிரம் பெண்கள் இறக்கிறார்கள். இத்தனைக்கும் இது பதுங்கிப் பதுங்கி, மெதுவாக வருகிற நோய். எச்பிவி என்கிற வைரஸ் தொற்றிய பிறகு அது புற்றாக மாறப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் பரிசோதித்துப் பார்த்திருந்தால் பெரும்பாலும் தடுத்திருக்கலாம். அவ்வளவு நீண்ட அவகாசத்தை வீணாக்கிவிட்டுத் தலைவிதி என்று புலம்புவது என்ன நியாயம்?

திண்டுக்கல் பெண்கள் காட்டிய வழி

“நாங்க பட்டிக்காட்டு ஜனங்க, இதெல்லாம் நமக்கு எங்கே?” என்கிறவர்களே, கேளுங்கள். உலகத்துக்கே இதில் பாடம் எடுத்தது நம் பட்டிக்காடுதான்!

2000ஆம் ஆண்டு தொடங்கி, திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று வெறும் கண்ணால் பார்க்கும் விஐஏ சோதனை. அதைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். 30 முதல் 59 வயதுக்குட்பட்ட 31 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்கள் முன்வந்தார்கள். புற்றுக்கு முந்தைய மாற்றம் தெரிந்தவர்களுக்கு உறைநிலைச் சிகிச்சை கொடுத்து அங்கேயே அதை அழித்தார்கள்.

2007இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் முடிவை வெளியிட்டது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட கிராமங்களில், மற்ற கிராமங்களைவிட இந்த நோயால் வரும் மரணம் 35 விழுக்காடு குறைந்திருந்தது! களையெடுக்கிற கைகள், மில்லுக்குப் போகிற கால்கள், உலகத்துக்கு ஒரு சான்றை எழுதிக் கொடுத்தன. அவர்களுக்கு முடிந்தது உங்களுக்கு முடியாதா?

சாக்குகளைத் தூக்கி எறியுங்கள்!

“வெட்கமாக இருக்கு.” செவிலியரே செய்கிற சோதனைதான் அம்மா. பெண் பணியாளர் வேண்டும், கதவைச் சாத்துங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. பிள்ளை பெற்றபோது வென்ற வெட்கத்தை இப்போது வெல்ல முடியாதா?

“வலியே இல்லையே.” மார்பில் வருகிற புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், காம்பில் ரத்தக் கசிவு என எது தெரிந்தாலும் அந்த வாரமே காட்டுங்கள். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் அதைச் சொல்லவேண்டியது மருத்துவர், பக்கத்து வீட்டுக்காரர் அல்ல. மாதவிலக்கு நின்றபின் ரத்தம் பட்டாலும், உறவுக்குப் பின் ரத்தம் கசிந்தாலும், நாற்றத்தோடு வெள்ளை பட்டாலும் ‘சூடு’ என்று மோர் குடித்துவிட்டு உட்காராதீர்கள்.

“பணத்துக்கு எங்கே போவது?” அரசு நிலையங்களில் இந்தப் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. நோய் இருந்தாலும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை இருக்கிறது. சிகிச்சைக்குப் போய்வர நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. காப்பீட்டு அட்டை இல்லையா? நோய் வருமுன் வாங்கி வையுங்கள்.

“நேரமில்லை.” வீட்டில் எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிற தாயே, உங்கள் உடம்பையும் கடைசிப் பந்தியில் உட்காரவைக்காதீர்கள்!

ஆண்களே, நழுவாதீர்கள். ஹான்ஸ், பான்மசாலா, வெற்றிலையோடு புகையிலை, பீடி என்று வாயைச் சுடுகாடாக்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்! இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை முழுதாகத் திறக்க முடியாத இறுக்கம் ஆகியவை எச்சரிக்கை மணிகள். திருவனந்தபுரத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வாயைத் திறந்து பார்த்தே, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களின் வாய்ப்புற்றுநோய் மரணங்களைக் குறைக்க முடியும் என்று நிரூபித்தார்கள். டார்ச் வெளிச்சத்தில் வாயைத் திறக்கக்கூடவா உங்களுக்குத் தைரியமில்லை?

ஒரு பெண் நினைத்தால்…

1886இல் புதுக்கோட்டையில் பிறந்து, பெண்கள் கல்லூரிக்குள் நுழைவதே போராட்டமாக இருந்த காலத்தில் மருத்துவரானவர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அழுது ஓய்ந்துவிடவில்லை. புற்று என்றாலே சாவுதான் என்று ஊர் நம்பிய நாளில், பணம் திரட்டி, 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். தொடக்கத்தில் இருந்தவை 12 படுக்கைகள். அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த மருத்துவர் வி. சாந்தா, 2021இல் கண்மூடும்வரை அந்த வளாகத்தையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். மருத்துவமனையையே கட்டி எழுப்பினார்கள் அவர்கள். உங்களிடம் கேட்பது அதற்குள் ஒருமுறை நடந்து போவதுதான்!

போனால் மட்டும் போதாது; முடிவைக் கேட்டு வாங்குங்கள். சோதனையில் சந்தேகம் என்றால் அது தண்டனை அல்ல, அடுத்த சோதனைக்கான அழைப்பு. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தந்தால் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகாதீர்கள். சிகிச்சை தொடங்கினால் பாதியில் நிறுத்தாதீர்கள். ‘டாக்டர் இல்லை, அப்புறம் வா’ என்றால், எப்போது வரலாம் என்று தேதியைக் கேளுங்கள். ‘இங்கே இந்தச் சோதனை இல்லை’ என்றால், ஏன் இல்லை என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள். கேட்கிற ஊருக்குத்தான் கருவியும் ஆளும் வந்து சேரும்.

30 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் வாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை காட்ட வேண்டும். பெண்கள் அத்தோடு மார்பகத்தையும் கர்ப்பப்பை வாயையும். 9 முதல் 14 வயதில் மகள் இருந்தால் எச்பிவி தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டுக்கு வந்து பிரஷர், சுகர் பார்க்கிற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளரிடமே, “எங்களுக்குக் கேன்சர் டெஸ்ட் எங்கே, எந்தக் கிழமை?” என்று விசாரியுங்கள்.

நாள் பார்க்காதீர்கள், நட்சத்திரம் பார்க்காதீர்கள். இந்த வாரத்தில் ஒரு நாளைக் குறியுங்கள். தனியாகப் போகாதீர்கள், அக்காவை, மாமியாரை, மகளிர் குழுவில் இருக்கிற பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பயம் கேட்கட்டும், “எங்கே கிளம்பிட்டே?” என்று. “உன்னை ஒழிக்கத்தான்!” என்று சொல்லிவிட்டு நடங்கள்!